தற்காப்புக்கு எக்கலையைப் பயில்வது?

சங்கராபுரத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நமது சங்க அங்கத்தினர் பலர் ஒரே வினாவை நம்மிடம் மீண்டும் மீண்டும் கேட்டு வருகின்றனர். பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண்மக்களுக்கு, தற்காப்பின் பொருட்டு ஒரு வித்தை கற்பிக்க வேண்டுமாயின் எதனைக் கற்பிப்பது? சிலம்பமா, குஸ்தியா, வர்மமா, கராத்தேயா, ஜூடோவா என்பதே அவ்வினா. படிப்பின் பொருட்டும் வேலையின் பொருட்டும் கள்ளக்குறிச்சிக்கும் அதற்கப்பாலும் நாள்தோறும் பஸ் ஏறிச் செல்லும் பெண்கள் நம் குடும்பங்களில் பெருகிவிட்ட இக்காலத்தில், இதனைப் பொழுதுபோக்கு வினாவென்று ஒதுக்குதல் தகாது. சங்கப் பொதுப்பணத்தில் ஒரு வகுப்பு ஏற்படுத்த வேண்டும் என்ற யோசனையும் உள்ளமையால், ஆராயாமல் முடிவு செய்வதும் தகாது. ஆதலின் முன்னோர் நடந்த வழியைச் சரித்திரத்தின் துணைகொண்டு பார்த்து, அதிலிருந்து விடை காண முயல்வோம்.

நாம் வாழும் இப்பகுதி பண்டைக்காலத்தில் மலையமான்களின் நாடு. திருக்கோவலூரைத் தலைநகராகவும் முள்ளூர் மலையை அரணாகவும் கொண்டு ஆண்ட திருமுடிக்காரி, கடையெழு வள்ளல்களில் ஒருவன். போர்க்களத்தில் மூவேந்தரும் அவன் துணையை நாடினர் எனச் சங்கப் பாடல்களால் அறிகிறோம். நமக்கு வடக்கே செங்கம் வட்டாரத்தில், பல்லவர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளோடு கூடிய நடுகற்கள் பல கிடைத்துள்ளன. தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறையார் 1972ஆம் ஆண்டில் அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டனர். அக்கற்களில் வில்லும் வாளும் ஏந்தி நிற்போரில் அநேகர் முடிமன்னர் அல்லர். ஊர் மாடுகளைக் கவர வந்தோரை எதிர்த்தும், கவர்ந்தவற்றை மீட்கப் போராடியும் உயிர்நீத்த ஊரார். இவர்கள் ஆயுதம் பயின்றது மாட்டையும் ஊரையும் காக்க. காக்க வேண்டிய பொருள் எதுவோ, வரும் ஆபத்து எதுவோ, அதற்கேற்பவே வித்தை அமைந்தது. நமது ஆராய்ச்சிக்கு இதுவே அடிப்படையான உண்மை என்க.

அடுத்து மல்யுத்தத்தைக் காண்போம். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்பான் ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்திய செய்தி புறநானூற்றில் 80ஆம் பாட்டிலும் அதனை அடுத்தும் வருகின்றது. ஒரு காலை மல்லனின் மார்பில் மண்டியிட்டு ஊன்றியும், மற்றொரு காலால் அவன் சூழ்ச்சியைத் தடுத்தும் அவன் பொருத விதத்தைப் புலவர் கண்ணாற் கண்டவாறே கூறுகின்றார். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் எனப் பெயர் பூண்டதும், அப்பெயரால் மாமல்லபுரம் விளங்குவதும் யாவரும் அறிந்ததே. இவ்வித்தையால் உடல் உரம் பெறும். பிடிக்கு அஞ்சாத மனம் வாய்க்கும். ஆயினும் மல்லன் ஒருவனோடு ஒருவனாய், விதிக்குக் கட்டுப்பட்டு, கோதாவின் மண்ணில் பொருபவன். தெருவில் இருவர் மூவர் சூழ வருங்கால் ஒருவனைக் கட்டிப் புரளுதல் ஆபத்தேயாகும்.

சிலம்பமோ உழவனின் கையிலிருந்த கோலிலிருந்து வளர்ந்த கலை. மாடு ஓட்டவும், பாம்பை விலக்கவும், இரவில் வயல் காக்கவும் கிராமத்தான் கையில் என்றும் ஒரு கம்பு இருந்தது. கல்வராயன் மலைக்காடுகளில் மூங்கிலுக்குக் குறைவில்லை. நம் வட்டாரத்து மூங்கில்துறைப்பட்டு தன் பெயரிலேயே மூங்கிலைத் தாங்கி நிற்கின்றது. நின்றால் நெற்றியை எட்டும் நீளமுடைய கம்பே சிலம்பத்துக்கு வழக்கமானது. நல்ல வாத்தியார் முதல் நாளே கம்பைச் சுழற்றவிடமாட்டார். காலடி வரிசையையே முதலிற் கற்பிப்பார். கால் சரியான இடத்தில் விழாவிடின் கை செய்யும் வீச்சு வீணாகும் என்பது சிலம்பக் கூடத்தின் முதற்பாடம். பின்னரே வீச்சும், அடியும், தடுப்பும். அதன்மேல் மான்கொம்பு, சுருள்வாள் முதலிய கருவிகளும், வெறுங்கையால் பொரும் குத்துவரிசையும் உண்டு. கம்பு ஏந்தியவன் பகைவனை ஐந்தாறடி தூரத்திலேயே நிறுத்துகிறான். பலர் சூழினும் வீச்சினால் வழி உண்டாக்குகிறான். மெலிந்த தேகமுடையோரையும் வலியோர்க்கு ஈடாக்குவது இக்கலையின் சிறப்பு.

இத்தகைய வித்தை ஏன் மங்கிற்று? கட்டபொம்மன் 1799இலும் மருது சகோதரர் 1801இலும் தூக்கிலிடப்பட்ட பின்னர், அதே 1801ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக் கவர்னராயிருந்த எட்வர்ட் கிளைவ் பிரகடனம் ஒன்றினால் தென்பாளையங்களில் ஜனங்கள் ஆயுதம் வைத்திருத்தலைத் தடுத்தார். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுதும் அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தது. சில சாதியாரைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகக் கருதிப் பதிவு செய்த கொடுஞ்சட்டம் 1871இல் வடநாட்டில் தோன்றி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்து, 1952இல்தான் நாடு முழுதும் ஒழிந்தது. இக்காலத்தில் வாளும் வேலும் மறைந்தன. கம்பு மட்டும் நின்றது. அதுவும் பெரும்பாலும் திருவிழாவிலும் ஊர்வலத்திலும் ஆடும் ஆட்டமாகவே நின்றது. கண்ணுக்கு இனிய அலங்காரச் சுழற்சி வேறு, ஆபத்தில் உதவும் அடியும் தடுப்பும் வேறு என்பதை நம்மவர் மறத்தலாகாது.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். சிலம்பத்தில் குறவஞ்சி, துளுக்காணம், கள்ளர்பத்து, பனையேறி மல்லு, நாகம் பதினாறு எனப் பல வரிசைகள் வழங்குகின்றன. அப்பெயர்களை நோக்கின், பற்பல தொழிலாரும் பற்பல வகுப்பாரும் இக்கலையை வளர்த்தனர் என்பது விளங்கும். எந்த ஒரு சமூகமும் இதனைத் தனக்கே உரியதென்று கூற இயலாது. ஆகவே நமது சங்கம் வகுப்பு ஏற்படுத்துமாயின், அது பிறரோடு பூசலிடுவதற்கான படைப்பயிற்சியாக ஒருபோதும் ஆகக்கூடாது. அயல் தெருப் பிள்ளைக்கும் அங்கே இடம் இருத்தல் வேண்டும்.

இனிப் பிறநாடுகளைப் பார்ப்போம். ஜப்பானில் கானோ ஜிகோரோ என்பவர் இளமையில் மெலிந்த தேகத்தினர். வலியாரின் தொல்லைக்கு ஆளானவர். அவர் பழைய ஜுஜுத்ஸு முறைகளைப் பயின்று, உயிருக்கு ஊறு செய்பவற்றை விலக்கிச் சீர்செய்து, 1882இல் டோக்கியோ நகரத்துக் கோயிலொன்றில் பன்னிரண்டு பாய் விரித்த சிறு கூடத்தில் ஒன்பது மாணவரோடு ஜூடோவைத் தொடங்கினார். எதிரியின் பலத்தையே அவனை வீழ்த்தப் பயன்படுத்துவது அதன் சாரம். 1926இல் பெண்களுக்கெனத் தனிப் பிரிவும் அங்கே ஏற்பட்டது. ஒக்கினாவாத் தீவின் கராத்தேயை இதோசு ஆங்கோ என்பார் 1901இல் பள்ளிப் பிள்ளைகளுக்குரிய தேகாப்பியாசமாக மாற்றினார். ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவில் அதனைக் காட்டிப் பரப்பினார். இங்கிலாந்திலோ, பெண்களுக்கு வாக்குரிமை கோரிப் போராடிய மாதர் தம் தலைவியரைக் காக்க 1913இல் ஒரு காவற்படை அமைத்தனர். அவர்களுக்கு ஜுஜுத்ஸு கற்பித்த எடித் காரட் அம்மையார் ஐந்தடிக்கும் குறைந்த உயரமுடையவர். தம் தேகத்துக்கும் தமக்கு நேரும் ஆபத்துக்கும் பொருந்துவது எதுவோ அதனையே அவர்கள் நாடினர்.

அண்டை நாடான கேரளத்தில் வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மாள், ஏழு வயதில் களரி பயிலத் தொடங்கி, முதுமையிலும் வாளும் கேடயமும் ஏந்திக் கற்பித்து வந்தமைக்காக 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வீரக்கலை ஆடவர்க்கே உரியது என்போர்க்கு இதனினும் விடை வேண்டுவதில்லை.

தென்குமரிப் பக்கத்து அடிமுறையையும் வர்மத்தையும் பற்றிச் சிலர் கேட்கின்றனர். உடலில் 108 வர்மத்தானங்கள் உண்டெனக் கூறும் அக்கலை, அடிப்பதோடு அடிபட்டதை ஆற்றும் வைத்தியமும் சேர்ந்தது. நெடுங்காலம் ஆசானோடு இருந்து, மாணவனின் குணத்தை ஆசான் அறிந்த பின்னரே கற்பிப்பது மரபு. ஆறு மாதத்தில் தொட்டு வீழ்த்தும் வித்தை கற்பிப்பதாக விளம்பரம் செய்வோரிடம் பணத்தையும் பிள்ளையையும் ஒப்புவித்தல் கூடாது.

இவ்வளவும் கண்ட பின்னர், எக்கலையின் பெயரைக் காட்டிலும் முக்கியமானது ஒன்று உண்டென்பது புலனாகும். கனடா தேசத்தில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவியரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்து, அதன் முடிவு 2015இல் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு மொத்தம் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி மட்டும் தரப்பட்டது. ஆபத்தின் அறிகுறியை முன்னரே உணர்தல், தெரிந்தவனேயாயினும் தயக்கமின்றி மறுத்தல், சில எளிய தற்காப்பு அடிகள் ஆகியவையே அதன் பாடங்கள். ஓராண்டுக்குள் பலாத்காரத்துக்கு ஆளானோர் வீதம், பயிற்சி பெறாதாரிடையே நூற்றுக்கு 9.8 என்றும், பெற்றாரிடையே 5.2 என்றும் இருந்தது. ஏறக்குறைய பாதி! நம் பெண்கள் அஞ்ச வேண்டியவன் பெரும்பாலும் இருட்டில் பதுங்கிய அந்நியன் அல்லன், அறிமுகமானவனே. அவனிடம் உரத்த குரலில் மறுக்கவும் விரைந்து விலகவும் கற்பிக்காத வித்தை, எத்துணைப் பழமையுடையதாயினும் குறையுடையதே. வீட்டில் பெரியோர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சின்றி அடங்குவதையே பெண்ணுக்கு அணியென்று கற்பித்துவிட்டு, வெளியில் மட்டும் வீராங்கனையாக இருக்கச் சொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்? பெற்றோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைக் கூறுகின்றன. தன் உடலையும் பிறர் உடலையும் காக்க ஒவ்வொருவர்க்கும் உரிமை உண்டு. ஆனால் காப்பதற்கு வேண்டிய அளவுக்கு மேற்பட்ட தீங்கு செய்ய உரிமை இல்லை. ஓடிவிட்டவனைத் துரத்தி அடித்தல் தற்காப்பாகாது.

இனி நமது கருத்தைச் சுருக்கிக் கூறுவோம். முதலாவது, நம் பிள்ளைகளுக்குச் சிலம்பமே அடிப்படையாகத் தக்கது. செலவு ஒரு கம்பு அளவே. பயில ஒரு களம் போதும். கால், கண், மூச்சு மூன்றும் ஒருங்கே பழகும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அதற்குக் காட்சி விளையாட்டாக இடம் கிடைத்ததால், மாணவர்க்கு ஊக்கமும் உண்டு. இரண்டாவது, பஸ்ஸில் எவரும் கம்பு எடுத்துச் செல்வதில்லை. ஆதலின் குத்துவரிசையையும் பிடி விடுவிக்கும் முறைகளையும் கம்போடு கூடவே கற்பித்தல் அவசியம். மணிக்கட்டைப் பற்றியவனின் பெருவிரல் இருக்கும் பக்கமாகத் திருப்பி இழுத்தால் பிடி தளரும் என்பது போன்ற எளிய உபாயங்கள் பத்தினைத் தினந்தோறும் பழகினாற் போதும். மூன்றாவது, அருகில் நல்ல ஜூடோ அல்லது கராத்தே ஆசிரியர் இருந்து நல்ல சிலம்ப வாத்தியார் இல்லையாயின், தயங்காது அவரிடமே செல்க. எட்டாத உயர்ந்த கலையினும் எட்டும் நல்ல ஆசிரியரே மேல்.

ஆசிரியரைத் தேர்வதற்கும் அளவுகோல் உண்டு. கற்பிக்கும் இடம் பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கத்தக்கதாய் இருக்க வேண்டும். பெண்பிள்ளைகள் பயிலும்போது பெண்ணொருவர் உடனிருத்தல் வேண்டும். காட்சிக்குரிய சுழற்சியோடு நிறுத்தாமல், எதிரில் ஒருவர் நின்று பிடிக்கவும் அடிக்கவும் வரும்போது என் செய்வதென்று அவர் பழக்க வேண்டும். கோபத்தை அடக்கத் தாமும் அறிந்தவராய் இருத்தல் அனைத்தினும் முக்கியம்.

செங்கத்து நடுகற்களில் நிற்கும் வீரர் பெயர் நிலைத்தது, அவர்கள் தம் ஊரைக் காக்க நின்றமையால். நம் பெண்மக்களுக்கு அத்தகைய கல் வேண்டுவதில்லை. மாலையில் அச்சமின்றி வீடு திரும்புதலே வேண்டும். அதன் பொருட்டு வகுப்பொன்று இவ்வாண்டிலேயே தொடங்குமாறு அங்கத்தினர் யாவரும் முன்வருவார்களென நம்புகிறோம்.