கோழிக்கோட்டுத் தூதரும் தூத்துக்குடி முத்தும்

தூத்துக்குடியில பழைய தெருக்கள்ல நடந்தா, பெர்னாந்து, மச்சாடோ, டிகுரூஸ்னு வீட்டு வாசல்ல பேரு இருக்கும். போர்ச்சுகீசியப் பேரு இங்க எப்படி வந்துச்சு? அதுக்குப் பின்னால ஒரு தூதர் இருக்கார்.

1513-ல கோழிக்கோட்டு சாமூதிரி, போர்ச்சுகல் அரசர் மனுவேலிடம் ஒரு இளைஞரைத் தூது அனுப்புறார். லிஸ்பன் போனவர் அங்கேயே கிறிஸ்தவரானார், 'கிறிஸ்துவின் அணி'யில வீரர் பட்டமும் வாங்கினார். பேரு டோம் ஜோவோ த குரூஸ்.

ஊருக்குத் திரும்பி வியாபாரத்துல இறங்கினார், கடன்ல மாட்டினார். 1530-கள்ல குதிரை விக்கிறதுக்காகக் கன்னியாகுமரிப் பக்கம் வந்தார். அப்போ முத்துக்குளித்துறையே கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. இடுப்புல கயிறும் காலுக்குக் கல்லும் கட்டிக்கிட்டு மூச்சடக்கி இறங்குறது பரதவர். ஆனா கடலோட உரிமையும் வருமானமும் யார் கையிலங்கிறதுல அவங்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் ரத்தம் சிந்துற அளவுக்கு மோதல்.

குரூஸ் சொன்ன யோசனை: "கொச்சிக்குப் போங்க, போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்பு கேளுங்க, ஞானஸ்நானம் வாங்குங்க." பட்டங்கட்டிகள் போனாங்க. 1536-37-ல ஆயிரக்கணக்கான பரதவர் மதம் மாறினாங்க. சவேரியார் இந்தக் கரைக்கு வந்ததே 1542-லதான். அதாவது, பேச்சுவார்த்தை முந்தி, போதகர் பிந்தி.

இங்கதான் எனக்கு நெஞ்சுல முள்ளு குத்துது. 1538-ல வேதாளைக் கரையில போர்ச்சுகீசியப் படை, கோழிக்கோட்டுக் கப்பற்படையை நொறுக்குது. யாரோட படை? இவரைத் தூது அனுப்பின அதே சாமூதிரியோட படை. இவர் திறந்துவிட்ட கதவு வழியா வந்தவங்க, இவரோட பழைய எஜமானரையே தோற்கடிச்சாங்க.

முந்தின வருஷம், 1537-ல, குரூஸ் போர்ச்சுகல் அரசருக்குக் கடிதம் எழுதி, தன் சேவையைச் சொல்லி சலுகை கேட்டார். பரதவருக்குப் பாதுகாப்பு கிடைச்சது உண்மை. முத்து வருமானத்துல பங்கு கேட்க புது எஜமானர் வந்ததும் உண்மை.

தூதர்னா யாருக்காகப் பேசுறவர்? அனுப்பின ராஜாவுக்கா, வரவேற்ற ராஜாவுக்கா, நம்பி வந்த ஜனத்துக்கா, தன் கடனுக்கா? குரூஸை நான் துரோகின்னும் சொல்லமாட்டேன், ரட்சகர்னும் சொல்லமாட்டேன். ஆனா தூத்துக்குடியில 1961-லயே முத்துக்குளிப்பு நின்னுபோச்சு. அந்தப் பேச்சுவார்த்தை மட்டும் இன்னும் வீட்டு வாசல் பேர்ப் பலகையில இருக்கு.