இரத்தலும் குற்றமும்: 1959ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டம்

இரத்தலைத் தமிழ் மரபு ஒரே நிறையில் எடைபோடவில்லை. கேட்போன் தாழ்ந்தவனாயின் 'ஈ', நிகரானவனாயின் 'தா', உயர்ந்தவனாயின் 'கொடு' எனச் சொல்லதிகாரம் வேறுபடுத்தும். இரவச்சத்திற்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும், இரந்து வாழும் நிலைக்குரிய பழியை உலகைப் படைத்தவன்மேலேயே ஏற்றினார். இருபதாம் நூற்றாண்டுச் சட்டம் அப்பழியை இரப்பவன்மேல் ஏற்றியது.

1959ஆம் ஆண்டின் பம்பாய் இரவலர் தடுப்புச் சட்டம் பின்னர்த் தில்லிக்கும் விரிக்கப்பட்டது. அதன் வரையறை மிகவும் அகன்றது. பொதுவிடத்தில் பாடியோ ஆடியோ குறிசொல்லியோ வித்தை காட்டியோ சிறுபொருள் விற்றோ பிச்சை பெறுவதும் இரத்தலே. புண்ணையோ உறுப்புக் குறையையோ காட்டிக் கேட்பதும் அதுவே. பிழைக்கும் வழி புலப்படாமல், இரந்து வாழ்பவர்போலத் தோன்றும் நிலையில் பொதுவிடத்தில் திரிவதும் அதனுள் அடங்கியது. இவ்விறுதிக் கூறே கூர்ந்து நோக்கத்தக்கது. இங்குக் கை நீட்டவேண்டிய தேவையும் இல்லை. வறியவராகத் தோன்றுவதே போதுமானது. பத்துப்பாட்டின் பாணரும் பொருநரும் கூத்தரும் இவ்வரையறைக்குத் தப்பார். பரிசில் வேறு, இரவு வேறு என அறிஞர் மறுக்கலாம்; தெருவில் நிற்கும் காவலரிடம் அந்நுட்பத்தை எதிர்பார்த்தல் இயலாது.

அக்காவலர் பிடியாணையின்றியே கைது செய்யலாம். சுருக்க விசாரணையில் இரத்தல் மெய்ப்பட்டால், எச்சரித்துப் பிணையில் விடப்பட்டவர் நீங்கலாக, ஏனையோரை ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டுவரை இல்லத்தில் அடைக்கலாம். மீண்டும் மீண்டும் அகப்படுவோர்க்குக் காவல் பத்தாண்டுவரை நீளும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவு திருட்டுக்கு விதித்தது மூன்றாண்டுவரையிலான சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். குறைந்த அளவு எதுவும் அதில் இல்லை. பொருளை இழந்தவர் ஒருவர் உள்ள குற்றத்தைக் காட்டிலும், எவரும் எதையும் இழக்காத செயல் கடுமையாக ஒறுக்கப்பட்டது. இதனை மறுவாழ்வு என அழைத்தமை சொல்லளவில் நின்ற கருணையே எனலாம்.

2018 ஆகஸ்டு 8 அன்று தில்லி உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் கீதா மித்தல், அரிசங்கர் ஆகியோரின் அமர்வு, இரத்தலைக் குற்றமாக்கிய பிரிவுகளைத் தில்லியைப் பொறுத்தமட்டில் செல்லாதனவாக்கியது. அரசியலமைப்பின் 14, 21ஆம் உறுப்புகள் அதற்கு அடிப்படையாயின. உணவும் உறையுளும் அளிக்கத் தவறிய அரசே அவை இல்லாதவரை ஒறுப்பது பொருந்தாது என்பது தீர்ப்பின் உட்கிடை. எனினும் பிறரை இரக்க வைத்துப் பொருளீட்டுவோரைத் தண்டிக்கும் 11ஆம் பிரிவை நீதிமன்றம் நீக்கவில்லை. வலிந்து இரக்கச் செய்தலைத் தடுக்க, உண்மை நிலையை ஆராய்ந்தபின் தனிச்சட்டம் இயற்றவும் அரசுக்கு இடந்தந்தது. சம்மு காசுமீர உயர்நீதிமன்றம் 2019இல் அங்கிருந்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. தில்லித் தீர்ப்பின் ஆற்றல் தில்லியின் எல்லைவரையே செல்லும். அச்சட்டம் பிறந்த மாநிலத்தை அது தொடவில்லை.