கித்தாரின் மெட்டுகளும் சாம்பவர் வடகரையின் மைந்தரும்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் சாரல் தொடங்கிவிட்டால், மரத்தாலான இசைக்கருவிகளைப் பேணுவோர்க்குக் கவலையும் தொடங்கிவிடும். ஈரக்காற்றில் மரப்பலகை உப்பும். முதல் நாள் மாலை சுருதி சேர்த்து வைத்த கித்தார், மறுநாள் காலைத் திருப்பலிக்குள் சுருதி மாறியிருக்கும். பாடகர் குழுவின் இளைஞர் முறுக்காணிகளைத் திருகிக்கொண்டிருக்கையில், முன்வரிசையில் செபமாலையோடு அமர்ந்திருக்கும் பெரியவர், "இந்த மேனாட்டுக் கருவி நம் கோவிலுக்குத் தேவைதானா?" என்று முணுமுணுப்பதும் உண்டு. அக்கேள்வியை எளிதாகப் புறந்தள்ளிவிடலாகாது. வரலாற்றின் துணைகொண்டு ஆராய்ந்து பார்ப்பதே முறை.

திருச்சபை இசைக்கருவிகளைப் பற்றி விழிப்போடு இருந்த காலம் ஒன்றுண்டு. 1903-ஆம் ஆண்டில் திருத்தந்தை பத்தாம் பயஸ், பியானோவையும் முரசு, தாளம் போன்ற ஓசைமிக்க கருவிகளையும் ஆலயத்தில் இசைக்கத் தடை விதித்தார். அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழல் ஆர்கனுக்குரிய மதிப்பைக் குறைக்காமலேயே பிற கருவிகளுக்கும் வாயிலைத் திறந்தது. உரிய அதிகாரியின் இசைவு வேண்டும். கருவி புனிதப் பயன்பாட்டுக்கு ஏற்றதாகவும், ஆலயத்தின் மாண்புக்கு இசைந்ததாகவும், இறைமக்களின் பக்தியை வளர்ப்பதாகவும் இருத்தல் வேண்டும். கருவி எந்நாட்டில் பிறந்தது என்பதைச் சங்கம் அளவுகோலாக்கவில்லை. அது என்ன பயன் விளைக்கிறது என்பதையே அளவுகோலாக்கியது. நம் பாளையங்கோட்டை மறைமாவட்டம் உருவான 1973-ஆம் ஆண்டில், தமிழில் திருப்பலி வழக்கமாகிவிட்டிருந்தது.

சங்கத்துக்கு வெகு முன்னரே கித்தார் ஓர் ஆலயத்தில் அழியா இடம் பெற்றுவிட்டது. 1818 டிசம்பர் 24-ஆம் நாள், ஆஸ்திரியாவின் ஓபர்ண்டார்ஃப் என்னும் சிற்றூரில், புனித நிக்கோலாஸ் ஆலயத்தில், இன்று உலகமே பாடும் 'அமைதி இரவு' கிறிஸ்து பிறப்புப் பாடல் முதன்முறையாக ஒலித்தது. சொற்களை எழுதியவர் யோசேப்பு மோர் என்னும் இளங்குரு; இசையமைத்தவர் பிரான்ஸ் சேவியர் குரூபர் என்னும் ஆசிரியர். ஆர்கன் பழுதுபட்டதால் கித்தாரை நாடினர் என்பது பிற்காலக் கதை. இரு குரல்களுக்கும் கித்தாருக்குமாகவே அப்பாடல் அமைக்கப்பட்டது என்று குரூபரே 1854-இல் எழுதிவைத்துள்ளார்.

இக்கருவியின் அமைப்பைச் சற்று நோக்குவோம். இன்றைய கித்தாருக்கு நிலையான வடிவம் தந்தவர் ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ டோரஸ் (1817-1892). தந்திகள் ஆறு. பருத்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்திவரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி சேர்ப்பர். ஆறாம் தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தி மீட்டினால் ஐந்தாம் தந்தியின் ஒலி கிடைக்கும். அதற்கு இணையாக ஐந்தாம் தந்தியை முறுக்க வேண்டும். இவ்வாறே அடுத்தடுத்த தந்திகளையும் சேர்க்கலாம். மூன்றாம் தந்தியை மட்டும் நான்காம் மெட்டில் அழுத்தி இரண்டாம் தந்தியைச் சேர்க்க வேண்டும். புதிதாகப் பயில்வோர் கார்டுகளைக் கற்பதற்கு முன் செவியைப் பழக்க வேண்டும் என்பது இதனால்தான்.

கருவியின் உட்பொருள் மெட்டுகளில் இருக்கிறது. வீணையின் 24 மெட்டுகளை மெழுகின்மேல் பதித்து, செவியால் தேர்ந்து நிலைநிறுத்துவர். கித்தாரின் மெட்டுகளோ கணக்கிட்டு மரத்தில் அறையப்பட்டவை. தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர் என்று கொள்வோம். வெறுந்தந்தி சட்சமானால், சரிபாதியான 325-இல் பன்னிரண்டாம் மெட்டு மேல் சட்சத்தைத் தரும். தூய பஞ்சமம் மூன்றில் ஒரு பங்கில், அதாவது 216.7-இல் பிறக்கும்; கித்தாரின் ஏழாம் மெட்டோ 216.2-இல் நிற்கிறது. தூய அந்தர காந்தாரத்தின் இடம் 130. நான்காம் மெட்டு நிற்பதோ 134-இல். இது கைவினைஞரின் பிழையன்று. பன்னிரண்டு சுரங்களுக்கும் இடைவெளி ஒன்றாக இருந்தால்தான் எந்தச் சுரத்தையும் சட்சமாகக் கொண்டு பாட இயலும். அதன்பொருட்டு ஒவ்வொரு சுரமும் தன் தூய்மையில் சிறிது விட்டுக்கொடுக்கிறது.

இந்தச் சம இடைவெளி மேனாட்டார்க்கு மட்டும் உரிய சிந்தனையா? இதே கேள்வியைத் தம் வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டவர் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர். நம் சகோதரத் திருச்சபையைச் சார்ந்த அவர் சித்த மருத்துவர். தஞ்சையில் குடியேறி மருந்தாலும் இசையாலும் புகழ்பெற்றவர். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார். சுருதிகள் 22 என்று வடமொழி நூல்வழி வந்த கணக்கை மறுத்து, சிலப்பதிகாரத்தின் துணைகொண்டு, தாயியைப் பன்னிரண்டு சம சுரங்களாகவும் 24 சம சுருதிகளாகவும் பகுப்பதே பழந்தமிழர் முறை என்று வாதிட்டார். 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டிலும் இக்கருத்தை எடுத்துரைத்தார். 1917-இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' ஆயிரம் பக்கங்களுக்கும் மேலான பெருநூல். இரண்டாண்டுகளில், 1919-இல், அவர் மறைந்தார். அவருடைய முடிவை அறிஞர் பலர் ஏற்கவில்லை. இன்றும் வாதம் ஓயவில்லை. எனினும், எந்தக் கணக்கின்மீது கித்தாரின் மெட்டுகள் நிற்கின்றனவோ, அந்தக் கணக்கை இம்மண்ணின் மைந்தர் ஒருவர் தமிழ் இசையின் சொத்தென உரிமை கொண்டாடினார் என்பது வரலாறு.

ஆகவே பெரியவர்க்கு நாம் பணிவோடு கூறலாம்: ஐயா, இக்கருவி வந்த வழிதான் அயல், அதன் கணக்கு நம்மவர் எண்ணிப்பார்த்த ஒன்றே. இளைஞர்க்கும் சொல்ல வேண்டியது உண்டு. தம்பி, கமகம் நிறைந்த நம் பாடல்களை மூன்று கார்டுகளுக்குள் அடைத்துவிடாதே. சுரம் அசைந்து குழையும் இடத்தில் மெட்டுகள் தடையாகும். அங்கே கையை நிறுத்தி, மக்களின் குரலைக் கேள். பாடகர் குழுவின் ஓசை இறைமக்களின் வாயை அடைத்துவிடுமானால், சங்கம் திறந்த வாயிலை நாமே மூடியவர்களாவோம்.

தன் தூய்மையே பெரிதென்று ஒரு சுரம் முரண்டு பிடித்தால், மற்றொரு சுரத்தில் தொடங்கும் பாடல் கெட்டுவிடும். பங்கின் வாழ்வும் அத்தகையதே. அரை மில்லிமீட்டர் விட்டுக்கொடுப்பவர் உளர். நான்கு மில்லிமீட்டர் விட்டுக்கொடுப்பவரும் உளர். யார் அதிகம் இழந்தார் என்று கேட்போர் அறிவதில்லை. பாடல் மட்டுமே அவர்தம் செவிக்கு எட்டுகிறது. அடுத்த சாரலில் கித்தாரின் சுருதி மீண்டும் மாறும். மீண்டும் சேர்க்கத்தான் வேண்டும். நம் உள்ளங்களையும் அவ்வாறே, ஒவ்வொரு ஞாயிறும், திருப்பலிக்கு முன்.