கட்டளை வரியும் தமிழ் எழுத்தும்: பிரையன் கெர்னிகனின் பார்வை

பிரையன் கெர்னிகன் (பிறப்பு: 1942) கனடாவின் டொராண்டோ நகரில் பிறந்த கணினி அறிவியலாளர். 1969 முதல் 2000 வரை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலும், அதன்பின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்கள் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும். அதை உலகுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னவர் கெர்னிகன். ரிச்சியுடன் சேர்ந்து 1978இல் அவர் எழுதிய சி மொழி நூல் இன்றும் கல்லூரி நூலகங்களில் இருக்கிறது. ஆல்ஃபிரட் ஆகோ, பீட்டர் வைன்பெர்கர் ஆகியோருடன் 1977இல் ஆக் என்ற கருவியை உருவாக்கினார். மூவர் பெயரின் முதலெழுத்துகளே அதன் பெயர்.

கட்டளை வரிக் கருவிகள் பற்றியும் மேசைக் கணினி மென்பொருள்கள் பற்றியும் கெர்னிகனுக்கு உள்ள பார்வை, ஆங்கிலம் மட்டுமே புழங்கிய ஓர் ஆய்வகத்தில் உருவானது. அது தமிழுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனியாகப் பார்க்க வேண்டிய செய்தி.

தந்தித் தட்டச்சும் சிறு கருவிகளும்

யூனிக்ஸ் பிறந்த 1969இல் திரை என்பது அரிது. நொடிக்கு 10 எழுத்து அடிக்கும் தந்தித் தட்டச்சுப் பொறியில்தான் கணினியோடு பேச வேண்டும். கட்டளைகளின் பெயர்கள் இரண்டு மூன்று எழுத்துகளில் அடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நீளமாகத் தட்டுவது விரலுக்கும் வேலை, காகிதத்துக்கும் செலவு.

1973இல் டக் மக்கில்ராயின் யோசனைப்படி தாம்சன் குழாய் என்ற வசதியைச் சேர்த்தார். ஒரு கருவி வெளியிடும் வரிகளை அடுத்த கருவி உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒன்று சொற்களைப் பிரிக்கும், ஒன்று அகர வரிசைப்படுத்தும், ஒன்று திரும்ப வருவதை நீக்கும். தனித்தனியே பார்த்தால் அற்பமானவை. கோத்துவிட்டால் யாரும் முன்கூட்டித் திட்டமிடாத வேலையையும் செய்துவிடும். யூனிக்ஸ் பற்றி 1982இல் எடுக்கப்பட்ட குறும்படத்தில் கெர்னிகன் காலை மேசைமேல் நீட்டி, விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து சிறு கருவிகளைக் கோத்து எழுத்துப்பிழை பார்க்கும் நிரல் ஒன்றைப் பார்ப்பவர் கண்முன்னே செய்து காட்டுகிறார். இன்றும் கணினி மாணவர்கள் பார்க்க வேண்டிய படம் அது.

இந்த முறை நிற்பது ஒரே ஒரு ஒப்பந்தத்தின் மேல்: எல்லாக் கருவிகளும் எழுத்தாலான வரிகளையே படிக்கும், எழுத்தாலான வரிகளையே தரும். எழுத்து என்றால் எந்த எழுத்து என்ற கேள்வி அன்று எழவில்லை.

காண்பதும் கிடைப்பதும்

சன்னல்கள், படக்குறிகள், சுட்டி என்று இன்று பழகிய மேசைத் திரை 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் தொடங்கி, 1984இல் ஆப்பிள் மெக்கின்டாஷ் வழியாகப் பரவலானது. திரையில் காண்பதே தாளில் கிடைக்கும் என்பது அதன் பெரிய வாக்குறுதி. அதில் உள்ள சிக்கல், காண்பது மட்டுமே கிடைக்கும் என்பதுதான் என்ற குறும்பான கருத்து கெர்னிகன் பெயரால் வழங்கிவருகிறது. அவர் மேசைத் திரைக்குப் பகைவர் அல்லர். கண்ணுக்குத் தெரியும் வடிவத்தில் மாட்டிக்கொண்ட தகவலை வேறொரு வேலைக்கு எடுக்க முடியாது என்பதே அவர் வாதம். யூனிக்ஸின் வரலாறு பற்றி 2019இல் எழுதிய நூலையும் கட்டளை வரிக் கருவிகளைக் கொண்டே அவர் அச்சுக்கு வடிவமைத்தார்.

இந்தக் குறும்புக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் சான்றைவிடப் பொருத்தமான சான்று உலகில் வேறெங்கும் இருக்குமா என்பது ஐயமே. தென்காசியிலும் கடையநல்லூரிலும், தமிழகத்தின் எந்தச் சிற்றூரிலும், டிடிபி கடைகளில் அடிக்கப்பட்ட திருமண அழைப்பிதழ்களையும் நோட்டீஸ்களையும் எண்ணிப்பார்க்கலாம். திரையில் தமிழ், தாளிலும் தமிழ். கோப்புக்குள் இருந்ததோ ஆங்கிலம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். அந்த அரைப்புள்ளிதான் 'ழ்' மேல் உள்ள புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குவியல் தெரியும். இப்படிப் பூட்டப்பட்ட தமிழ் உரைகள் ஏராளம். கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அன்று தமிழ் அச்சாக வேண்டும் என்றால் அதுதான் வழி.

எழுத்துருக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதன் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறியேற்றங்களும் அரசின் தரமாயின. விசைப்பலகை நிலைத்தது. குறியேற்றங்கள் நிலைக்கவில்லை.

மக்கில்ராயின் ஆறு வரிகள்

1986இல் ஜான் பென்ட்லி என்பவர் அமெரிக்கக் கணினி இதழொன்றில் நடத்திவந்த பகுதிக்காக டொனால்டு நூத்திடம் ஒரு நிரல் கேட்டார். ஓர் உரையில் அதிகமாக வரும் சொற்களை எண்ணிக்கையோடு பட்டியலிட வேண்டும். நூத் பல பக்கங்களுக்கு நேர்த்தியான நிரல் எழுதினார். அதை மதிப்பிட்ட மக்கில்ராய், ஆறு கட்டளைகளைக் குழாய்களால் கோத்து அதே வேலையை முடித்துக் காட்டினார். கட்டளை வரியின் பெருமை பேசும் எவரும் இக்கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

அந்த ஆறு வரிகளில் தமிழ் உரையைச் செலுத்தினால் என்ன ஆகும்? முதல் கட்டளை ஆங்கில எழுத்து அல்லாத அனைத்தையும் வரி முறிப்பாக மாற்றும், அடுத்தடுத்து வரும் முறிப்புகளை ஒன்றாக்கும். ஆக, ஒரு முழு நாவலைக் கொடுத்தாலும் ஒரே ஒரு வெற்று வரிதான் மிஞ்சும். அந்த வெற்று வரி 1 முறை வந்துள்ளது என்று கணினி பணிவோடு எண்ணியும் சொல்லும். பாமினி உரையைக் கொடுத்தால் இன்னும் வேடிக்கை: அரைப்புள்ளி வந்த இடமெல்லாம் சொல் வெட்டுப்படும். பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கும் இரண்டாம் கட்டளை 'லு'வை 'ல' ஆக்கிவிடும், ஏனெனில் பாமினியில் அவ்விரண்டும் ஒரே ஆங்கில எழுத்தின் பெரிய, சிறிய வடிவங்கள்.

33, 11, 7

தீர்வின் முதல் பாதி 1992 செப்டம்பரில் வந்தது. நியூ ஜெர்சியின் ஓர் உணவகத்தில் தாம்சனும் ராப் பைக்கும் சாப்பாட்டு மேசை விரிப்புத் தாளில் யுடிஎஃப்-8 என்ற முறையை வரைந்தனர். ஆங்கில எழுத்துக்குப் பழையபடி 1 பைட், மற்றவற்றுக்குத் தேவைக்கேற்ப 2, 3, 4 பைட். யுனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் துணைக்குறிகளுக்கும் உள்ள ஒவ்வொரு குறியெண்ணும் இதில் 3 பைட் பிடிக்கும். இதன் நுட்பம், பழைய கருவிகளை உடைக்காமல் உள்ளே புகுந்ததுதான். தமிழ் என்றால் என்னவென்றே தெரியாத தேடல் கருவியும் பைட்டுகளை ஒப்பிட்டு 'கடையநல்லூர்' என்ற சொல்லைக் கோப்பில் கண்டுபிடித்துவிடும்.

எண்ணச் சொன்னால்தான் சிக்கல். 'கடையநல்லூர்' என்பதில் எத்தனை எழுத்து? பள்ளிப் பிள்ளை க, டை, ய, ந, ல், லூ, ர் என்று விரல்விட்டு 7 என்பாள். யுனிகோடு அறிந்த நிரல், துணைக்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணி 11 என்னும். பைட்டை மட்டும் அறிந்த கருவி 33 என்னும். பிறந்தது முதல் பல்லாண்டுகள் கெர்னிகனின் ஆக் மூன்றாவது வகையைச் சேர்ந்ததாகவே இருந்தது. குனு திட்டத்தின் ஆக் இதை முன்பே ஓரளவு சரிசெய்துகொண்டது. மூல ஆக் அப்படியே நின்றது.

2022இல், தம் 80ஆம் வயதில், கெர்னிகன் அந்தப் பழைய நிரலை மீண்டும் கையில் எடுத்து யுடிஎஃப்-8 ஆதரவைச் சேர்த்தார். திருத்தத்தை நிரலைப் பராமரிக்கும் ஆர்னால்டு ராபின்ஸிடம் அனுப்பியபோது, கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி தமக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆக் பற்றிய 1988ஆம் ஆண்டு நூலின் இரண்டாம் பதிப்பு, இந்த மாற்றத்தோடு 2023இல் வெளிவந்தது.

தமிழுக்கு இதனால் கிடைத்தது என்ன? 33 என்ற விடை 11 ஆனது. 7 ஆகவில்லை. ஆனால் 11இலிருந்து 7க்குப் போக இப்போது ஆக்கில் ஒரு வரி போதும்: துணைக்கால் முதல் புள்ளி வரையுள்ள குறிகளை நீக்கிவிட்டு நீளத்தைக் கேட்டால் விடை 7. க்ஷ, ஸ்ரீ போன்றவற்றுக்கு மட்டும் தனி விதி வேண்டும். பைத்தான் மொழியிலும் நேராகக் கேட்டால் 11தான் வரும். முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நிரலகம் எழுத்துகளைத் தமிழ் முறையில் பிரித்து 7 என்று தரும். லூ என்பதே ஒரு குறியெண்ணாக இருந்திருந்தால் இந்தப் பாடு வேண்டாமே என்பாரும் உண்டு. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்-16 முறையை யுனிகோடோடு சேர்த்துத் தமிழக அரசு 2010இல் ஏற்றது. புழக்கத்தில் வென்றது யுனிகோடுதான்.

வகுப்பறையும் முனையமும்

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், கடையநல்லூர் உட்பட மாநிலமெங்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் கணினி பெற்றனர். விண்டோசோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் அவற்றில் நிறுவப்பட்டு வந்தது. ஆக் உள்ளிட்ட யூனிக்ஸ் கருவிகளின் குடும்பம் லினக்சோடு வருவது. அதாவது பெல் ஆய்வகத்தின் பட்டறை ஒன்று பிளஸ் டூ மாணவரின் புத்தகப் பைக்குள் இருந்தது. பாடம் அதைத் தொட்டது குறைவு. 11ஆம் வகுப்பில் விண்டோஸ், உபுண்டு மேசைத் திரைகள் அறிமுகமாகின்றன. பின்னர் வந்த 12ஆம் வகுப்புப் பாடநூலில், பைத்தான் வழியாக சி++ நிரலை இயக்கும் பகுதியில் கட்டளைச் சாளரம் எட்டிப்பார்க்கிறது. உரையை அலசும் கருவியாக அது அங்கே வரவில்லை.

இலக்கணம், அகராதி, கல்வெட்டு என்று பெரிய உரைத் திரட்டுகளோடு மல்லாடும் தமிழ் மாணவருக்கு இக்கருவிகள் பொறியியல் மாணவரைவிட அதிகமாகப் பயன்படக்கூடும். ஆயிரம் பக்கத்தில் ஒரு சொல்லின் எல்லா இடங்களையும் தேடி எண்ணி அடுக்க, மேசைத் திரையில் ஒரு வாரம் சொடுக்க வேண்டியிருக்கும்.

தடைகள் இன்னும் உள்ளன. எழுத்தை மாற்றித் தரும் கருவியின் குனு வடிவம், ஒற்றை பைட் எழுத்துகளை மட்டுமே முழுமையாகக் கையாளும் என்று அதன் கையேடே நீண்ட காலமாகச் சொல்லிவருகிறது. மக்கில்ராயின் முதல் வரி அதில்தான் எழுதப்பட்டது. வரியைத் தலைகீழாக்கும் கருவியிடம் 'கடையநல்லூர்' என்பதைக் கொடுத்தால், ஏறி உட்கார எழுத்தில்லாத ஒரு புள்ளியோடு விடை தொடங்கும். முனையத் திரை 1970களின் வழக்கப்படி சமக் கட்டங்களால் ஆனது. 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அளவுக் கட்டங்களில் அடங்குவதில்லை. மெய்க்கு இருபுறமும் நிற்க வேண்டிய 'கொ'வின் குறி, பல முனையங்களில் இடம் மாறி விழுகிறது. இந்த ஒன்றில் மேசைத் திரையின் வெற்றியை மறுக்க முடியாது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த நாளிலிருந்தே சாளரங்களில் யுனிகோடு தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது.

வரிசைப்படுத்தலிலும் இதே கதை. தென்காசி வட்டாரத்தின் இரண்டு ஊர்ப் பெயர்களை, கடையம், கட்டளைக்குடியிருப்பு என்பவற்றை, குறியெண் வரிசையில் அடுக்கச் சொன்னால் கடையம் முன்னே வரும். யுனிகோடு அட்டவணையில் புள்ளி, உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதே காரணம். தமிழ் அகராதி வரிசையில் 'ட்' முந்தும், 'டை' பிந்தும். பெயரிலேயே கட்டளை உள்ள ஊரைக் கட்டளை வரி பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. புள்ளியைத் தற்காலிகமாக வேறொரு சிறிய குறியாக மாற்றி, அடுக்கி, மீண்டும் புள்ளியாக்கினால் இந்த இரண்டு பெயர்களும் சரியான இடத்துக்கு வந்துவிடும். ற, ன, ழ, ள ஆகியவற்றின் வரிசைக்கும் இதே போன்ற மாற்றம் தேவைப்படும். எல்லாம் சேர்ந்து நான்கைந்து கட்டளைகளும் அவற்றைக் கோக்கக் குழாய்களும்.