நளனின் தேரும் வில்லியம்ஸ் காரும்

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இருந்து ஐந்தாறு கிலோமீட்டர் மேற்கே போனால் திருநள்ளாறு. சனிப்பெயர்ச்சி அன்று ஊர் தாங்காத கூட்டம். எல்லோரும் நளதீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டுத் தர்ப்பாரண்யேஸ்வரரையும் சனீஸ்வரரையும் கும்பிட்டுத் திரும்புவார்கள். நளமகாராஜனைப் பிடித்த சனி இங்கேதான் விலகியது என்பது தலபுராணம்.

நளன் நாடிழந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவன் தேர் ஓட்டுவதில் மன்னன் என்பது பலருக்கு மறந்துபோகும். நாடு போய், உருவம் மாறி, இருதுபன்னன் என்ற அரசனிடம் வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாக வேலை பார்த்தவன் நளன். அவன் ஓட்டிய வேகத்தில், "என் மேலாடை விழுந்துவிட்டது, எடு" என்று அரசன் சொல்லி முடிப்பதற்குள் தேர் பல காதம் கடந்துவிட்டதாம். அந்தக் காலத்து பார்முலா 1!

இந்தக் காலத்து பார்முலா 1லும் ஒரு நளன் கதை இருக்கிறது. ஆண்ட நாடு, இழந்த நாடு, பிடித்த சனி எல்லாம் அதில் உண்டு. அதுதான் இங்கிலாந்தின் வில்லியம்ஸ் அணியின் கதை.

கார்ப் பந்தயம் பார்க்காதவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். பார்முலா 1ல் ஒவ்வொரு போட்டிக்கும் "கிராண்ட் பிரீ" என்று பெயர். பிரெஞ்சுச் சொல். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலில் பிரெஞ்சு படித்த பெரியவர்களைக் கேட்டால், "பெரிய பரிசு" என்று உடனே அர்த்தம் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயரில் முதல் பெரிய பந்தயம் 1906ல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்தது. இப்போது வருடக் கடைசியில் இரண்டு பட்டங்கள் தருகிறார்கள். ஒன்று ஓட்டுநருக்கு, இன்னொன்று காரைச் செய்த அணிக்கு. இதில் அணிப் பட்டத்தை 9 முறையும் ஓட்டுநர் பட்டத்தை 7 முறையும் வென்ற அணி வில்லியம்ஸ். அதே அணி 2020ஆம் ஆண்டு முழுவதும் ஓடி எடுத்த புள்ளிகள் எத்தனை தெரியுமா? பூஜ்யம்!

கார்ப்பெட் குடோனில் ஆரம்பம்

பிராங்க் வில்லியம்ஸ் 1942ல் பிறந்தவர். பெரிய பணக்காரர் இல்லை. 1969ல் பியர்ஸ் கரேஜ் என்ற நண்பரை ஓட்டுநராக வைத்துச் சொந்தமாக அணி நடத்தினார். அடுத்த ஆண்டே நெதர்லாந்து பந்தயத்தில் கரேஜ் தீயில் கருகி இறந்தார். அதற்குப் பிறகு கடனோடு போராட்டம். போன் பில் கட்டாமல் இணைப்பு போய்விட, தெருவில் இருந்த பொது டெலிபோன் பூத்தில் நின்று தொழில் நடத்தினார் என்பது பந்தய உலகில் பிரபலமான கதை. கடைசியில் 1976ல் அணியின் பெரும்பங்கை வால்டர் வுல்ப் என்ற கோடீஸ்வரருக்கு விற்றார். தன் பெயரில் இருந்த அணியிலேயே தன் பேச்சு எடுபடாத நிலை வந்தது. வெளியேறினார்.

இனி அணியை யாருக்கும் கொடுப்பதில்லை என்ற அவருடைய பிடிவாதத்துக்கு இந்த அனுபவம்தான் வேர் என்று தோன்றும். அந்தப் பிடிவாதமே அணியை வாழவும் வைத்தது, வீழ்த்தவும் செய்தது.

1977ல் பாட்ரிக் ஹெட் என்ற இன்ஜினியரோடு சேர்ந்து, டிட்காட் என்ற ஊரில் ஒரு பழைய கார்ப்பெட் குடோனில் மறுபடி தொடங்கினார். இரண்டே வருடம். 1979ல் சில்வர்ஸ்டோனில் கிளே ரெகஸோனி அணிக்கு முதல் வெற்றியைத் தந்தார். 1980ல் ஆலன் ஜோன்ஸ் உலக சாம்பியன், அணிக்கும் பட்டம். 1981ல் மீண்டும் அணிப் பட்டம். 1982ல் கேகே ராஸ்பெர்க் ஒரே ஒரு பந்தயம் ஜெயித்து சாம்பியன் ஆனார்!

சக்கர நாற்காலியில் ஒரு சக்கரவர்த்தி

1986 மார்ச் மாதம் தெற்கு பிரான்சில் கார் சோதனையை முடித்துவிட்டு, விமானத்தைப் பிடிக்க வாடகைக் காரை வேகமாக ஓட்டிப் போன பிராங்க், விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். வேறு யாராக இருந்தாலும் தொழிலை விட்டிருப்பார்கள். அவர் சில மாதங்களில் சக்கர நாற்காலியில் பந்தய மைதானத்துக்கு வந்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஹோண்டா இன்ஜினோடு அணிப் பட்டம் வில்லியம்ஸுக்கே. 1987ல் நெல்சன் பிகே ஓட்டுநர் சாம்பியன்.

ஆனால் அந்த ஆண்டோடு ஹோண்டா கிளம்பி மெக்லாரனிடம் போய்விட்டது. 1988ல் அந்த இன்ஜினோடு மெக்லாரன் 16 பந்தயங்களில் 15ஐ ஜெயித்தது. வில்லியம்ஸுக்கு ஒன்றுகூட இல்லை. இரவல் குதிரையை நம்பித் தேர் ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு முதல் பாடம் இது.

அடுத்து வந்த குதிரை பிரான்சின் ரெனோ. 1989ல் ரெனோ இன்ஜின் வந்தது. 1990ல் ஏட்ரியன் நியூவி என்ற இளம் டிசைனர் வந்தார். காற்று காரின் மேல் எப்படிப் பாயும் என்பதைப் படிப்பதில் அவருக்கு இணை கிடையாது. ஹெட்டும் நியூவியும் சேர்ந்து செய்த 1992 காரில், ஒவ்வொரு வளைவிலும் காரின் உயரத்தைக் கம்ப்யூட்டரே சரிசெய்துகொள்ளும். நைஜல் மான்செல் அதில் 9 பந்தயங்களை ஜெயித்து சாம்பியன் ஆனார். 1993ல் அலென் பிராஸ்ட், 1996ல் டேமன் ஹில், 1997ல் ஜாக் வில்னெவ் என்று வரிசையாகப் பட்டங்கள். 1992 முதல் 1997 வரை ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை அணிப் பட்டம்.

இந்தப் பொற்காலத்தின் நடுவே ஒரு கறுப்பு நாளும் உண்டு. 1994 மே 1, இமோலா. உலகமே கொண்டாடிய அயர்டன் சென்னா, வில்லியம்ஸ் காரில் சுவரில் மோதி இறந்தார். அணிக்கு அவர் ஓட்டியது மூன்றே பந்தயங்கள். இத்தாலிய நீதிமன்றத்தில் வழக்கு வருடக்கணக்கில் நடந்தது.

பூஜ்யம் எண் போட்ட கார்

சரி, இவ்வளவு உயரத்தில் இருந்த அணி எப்படி விழுந்தது? திருநள்ளாறு கணக்கில் ஏழரைச் சனி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஏழரை வருடத்தில் சனி விலகிவிடும். வில்லியம்ஸுக்கு இருபது வருடம் தாண்டியும் விலகவில்லை. காரணத்தை உள்ளேதான் தேட வேண்டும்.

ஓட்டுநர் சம்பளத்துக்கு வேலை செய்பவர், காரைச் செய்பவர்களே முக்கியம் என்பது வில்லியம்ஸ் வீட்டுச் சட்டம். பிகே, மான்செல், பிராஸ்ட், ஹில் ஆகிய நான்கு பேரும் வில்லியம்ஸில் சாம்பியன் ஆனவர்கள். நால்வரில் ஒருவர்கூட அடுத்த ஆண்டு அந்த அணியில் இல்லை! சாம்பியனுக்குத்தான் 1ஆம் எண் என்பது அன்றைய விதி. சாம்பியனே களத்தில் இல்லாததால் 1993லும் 1994லும் டேமன் ஹில் 0 என்ற எண் போட்ட காரை ஓட்டினார். எதிர்காலத்துக்கான சகுனம் போல!

ஓட்டுநர்களை இப்படி நடத்தியும் ஜெயிக்க முடிந்தது, ஏனென்றால் கார் அவ்வளவு நன்றாக இருந்தது. பிரச்சினை, காரைச் செய்தவரையும் அப்படியே நடத்தியதில் வந்தது. ஓட்டுநரைத் தேர்வு செய்யும்போது தன்னையும் கலந்து பேச வேண்டும் என்று நியூவி ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கியிருந்தார். ஆனால் 1996ல் ஹில்லை நீக்கும் முடிவு அவரைக் கேட்காமலே எடுக்கப்பட்டது. அணியில் பங்கும் அவருக்குக் கிடைக்கவில்லை. பங்காளிகள் பிராங்க்கும் ஹெட்டும் மட்டுமே. நியூவி மெக்லாரனுக்குப் போனார். 1998லும் 1999லும் மெக்லாரனின் ஹாக்கினென் சாம்பியன். பின்னாளில் அதே நியூவியின் கார்களில்தான் ரெட் புல் அணி 2010 முதல் 2013 வரை எல்லாப் பட்டங்களையும் அள்ளியது.

1997 முடிவில் ரெனோவும் விலகியது. 1998, 1999 இரண்டு ஆண்டுகளிலும் வில்லியம்ஸுக்கு ஒரு வெற்றிகூட இல்லை.

கையை உதறிய கூட்டாளி

2000ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ வந்தது. மறுபடி உயிர் வந்தது. 2003ல் 16 பந்தயங்களின் முடிவில் பெராரிக்கு 158 புள்ளி, வில்லியம்ஸுக்கு 144. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. பெராரி, டொயோட்டா, ஹோண்டா, ரெனோ எல்லாம் கார்க் கம்பெனிகள். கோடிகளைக் கொட்டின. பி.எம்.டபிள்யூவும் சொந்த அணி வேண்டும் என்றது. பிராங்க் விற்கவில்லை. 2005ல் பி.எம்.டபிள்யூ சாபர் அணியை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

இந்த இடத்தில் பிராங்க் செய்தது தப்பு என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. 2008, 2009ல் பொருளாதாரச் சரிவு வந்தபோது ஹோண்டா, பி.எம்.டபிள்யூ, டொயோட்டா மூன்றும் கடையைக் கட்டின. விற்றிருந்தால் வில்லியம்ஸ் என்ற பெயரே அன்றோடு அழிந்திருக்கலாம். விற்காததால் பெயர் பிழைத்தது. ஆனால் பெயர் மட்டும்தான் பிழைத்தது.

நம்மூர் நரேன் கார்த்திகேயன் வில்லியம்ஸுக்குப் போனது சரியாக இந்த நேரத்தில்தான். 2005ல் ஜோர்டன் அணியில் பார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனவர், 2006லும் 2007லும் வில்லியம்ஸின் சோதனை ஓட்டுநர். சோழவரத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! மான்செலும் சென்னாவும் உட்கார்ந்த அணி ஆயிற்றே. ஆனால் அவர் போன 2006ல் அணி எடுத்தது 11 புள்ளிகள், எட்டாவது இடம். அரண்மனைக்குள் போகும்போது அரசு முடிந்திருந்தது. பந்தயத்தில் ஓட்டும் வாய்ப்பு அங்கே அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

ஒரு நாள் ராஜா

2004 பிரேசில் வெற்றிக்குப் பிறகு எட்டு வருடம் வெற்றியே இல்லை. 2011ல் மொத்தமே 5 புள்ளிகள். அதே ஆண்டு அணியின் பங்குகள் பிராங்க்பர்ட் பங்குச் சந்தைக்கு வந்தன. வெனிசுவேலா எண்ணெய்க் கம்பெனியின் பணத்தோடு வந்த பாஸ்டர் மால்டொனாடோ, 2012 மே 13 அன்று ஸ்பெயினில் யாரும் எதிர்பார்க்காத விதமாக ஜெயித்தார். பிராங்க்கின் எழுபதாவது பிறந்தநாளைக் கொண்டாடிய வாரம் அது. கொண்டாட்டம் முடிவதற்குள் அணியின் கேரேஜில் தீப்பிடித்தது! அதற்குப் பிறகு வில்லியம்ஸ் இன்னொரு பந்தயம் ஜெயிக்கவில்லை.

2013ல் மகள் கிளேர் பொறுப்புக்கு வந்தார். மெர்சிடிஸ் இன்ஜின் புண்ணியத்தில் 2014, 2015ல் மூன்றாம் இடம். மற்ற அணிகளும் நல்ல இன்ஜின் செய்யக் கற்றதும் பழைய கதைதான். 2018ல் கடைசி இடம். 2019ல் சோதனை ஓட்டம் ஆரம்பித்து இரண்டு நாளாகியும் கார் தயாராகவில்லை. அந்த ஆண்டு மொத்தம் 1 புள்ளி. 2020ல் கொரோனா வந்தது, முக்கிய விளம்பரதாரர் ஒப்பந்தமும் முறிந்தது. ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் டோரில்டன் கேபிடல் 152 மில்லியன் யூரோவுக்கு அணியை வாங்கியது. செப்டம்பரில் மான்சா பந்தயத்தோடு குடும்பம் வெளியேறியது. கார்ப்பெட் குடோனில் ஆரம்பித்து 43 வருடம். பிராங்க் 2021 நவம்பர் 28 அன்று காலமானார்.

எண்ணும் வித்தை

மறுபடி நளனிடம் வருவோம். அவன் நாட்டை மீட்டது எப்படி? நளனுக்குக் குதிரை தெரியும், சூது தெரியாது. இருதுபன்னனோ ஒரு தான்றி மரத்தைப் பார்த்தவுடனே அதில் எத்தனை காய் என்று எண்ணிச் சொல்லக்கூடியவன். நளன் தன் குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண்ணும் வித்தையை வாங்கிக்கொண்டான். அதன் பிறகே கலி விலகியது, ஆடித் தோற்ற நாட்டை ஆடியே மீட்டான். தன்னிடம் இருந்ததைப் பகிர்ந்ததால்தான் இல்லாதது கிடைத்தது.

வில்லியம்ஸ் செய்யாதது அதைத்தான். நியூவியோடு பகிரவில்லை, பி.எம்.டபிள்யூவோடும் பகிரவில்லை. 2023ல் தலைமைக்கு வந்த ஜேம்ஸ் வவுல்ஸ் உள்ளே போய்ப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ஒரு காருக்கான சுமார் 20,000 பாகங்களின் கணக்கு ஒரு எக்செல் ஷீட்டில் கிடந்தது! எது எங்கே இருக்கிறது, எவ்வளவு செலவு, எப்போது வரும் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. தேர் ஓட்டத் தெரிந்த அணிக்கு எண்ணத் தெரியாமல் போய்விட்டது.

எண்ணக் கற்றுக்கொண்ட பிறகு பலன் தெரிகிறது. 2025ல் வில்லியம்ஸ் ஐந்தாம் இடம் பிடித்தது. கார்லோஸ் சைன்ஸ் இரண்டு முறை மேடை ஏறினார். பெயர் பழைய பெயர்தான். ஆனால் பங்காளிகளில் வில்லியம்ஸ் குடும்பத்தார் யாரும் இல்லை.

நளன் இழந்த நாட்டுக்கு நளனே திரும்பி வந்தான். பிராங்க்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று காத்த அணி பிழைத்துவிட்டது, அவர் கையை விட்டுப் போன பிறகு. காத்தது சரியா, முன்பே கொடுத்திருக்க வேண்டுமா? அடுத்த முறை நளதீர்த்தக் கரையில் நிற்பவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.