நரேன் கார்த்திகேயன்

நரேன் கார்த்திகேயன் (பிறப்பு: சனவரி 14, 1977, சென்னை) கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுநர் ஆவார். பார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் இவரே. 2005, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் மொத்தம் 46 பார்முலா 1 பந்தயங்களில் ஓட்டி 5 புள்ளிகள் பெற்றார். அவ்வைந்து புள்ளிகளும் ஆறு கார்கள் மட்டுமே ஓடிய ஒரே பந்தயத்தில் கிடைத்தவை. 2010 ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்மசிறீ விருது இவருக்கு வழங்கப்பட்டது.

இளமைக்காலம்

இவருடைய தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலி போட்டியில் ஏழு முறை வென்றவர். கோயம்புத்தூரில் கரிவரதன் வடிவமைத்த, மாருதி 800 எந்திரம் பொருத்திய சிறு பந்தயக் கார்களே அக்காலத்தில் தமிழக இளைஞர்களுக்கு எட்டக்கூடியவையாக இருந்தன. பார்முலா மாருதி எனப்பட்ட இவ்வகைக் காரில் சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நரேன் தம் முதல் பந்தயத்தை ஓட்டினார். 1992 இல் பிரான்சு நாட்டின் எல்ஃப் வின்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார்.

1994 இல் பிரித்தானிய பார்முலா போர்டு குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் பந்தயத் தொடர் ஒன்றை இந்தியர் வென்றது அதுவே முதல் முறை. 1996 இல் பார்முலா ஆசியா வாகையர் ஆனார். பின்னர் பிரித்தானிய பார்முலா 3 தொடரில் சில ஆண்டுகள் ஓட்டி, 1999 இல் பிராண்ட்சு ஆட்ச்சு தடத்தில் வெற்றி கண்டார். 2000 ஆம் ஆண்டு அத்தொடரில் நான்காம் இடம் பெற்றதோடு, தென்கொரியாவின் சாங்வோன் நகரில் நடந்த பார்முலா 3 பந்தயத்தையும் வென்றார்.

பணமும் இடமும்

2001 சூன் 14 அன்று சில்வர்ஸ்டோன் தடத்தில் சாகுவார் அணியின் காரைச் சோதனை ஓட்டம் ஓட்டியதன் மூலம் பார்முலா 1 காரை ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஆனால் சோதனை ஓட்டம் வேறு, பந்தய இடம் வேறு. சிறிய அணிகள் ஓட்டுநரின் திறமையோடு அவர் கொண்டுவரும் விளம்பரப் பணத்தையும் பார்க்கின்றன. 2004 ஆம் ஆண்டுக்கு மினார்டி அணியில் கிடைத்த வாய்ப்பு, கேட்ட தொகையைத் திரட்ட முடியாததால் நழுவியது. அடுத்த ஆண்டு டாட்டா உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் ஆதரவோடு சோர்டான் அணியில் இடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 28. ஐரோப்பிய ஓட்டுநர்கள் பலர் இருபதுகளின் தொடக்கத்திலேயே பார்முலா 1 களத்துக்கு வந்துவிடுவது இங்கு ஒப்பிடத்தக்கது.

இந்தியானாபொலிசு, 2005

2005 சூன் 19 அன்று நடந்த அமெரிக்க கிராண்டு பிரீ பார்முலா 1 வரலாற்றிலேயே விசித்திரமான பந்தயங்களுள் ஒன்று. பயிற்சியின்போது டயர் பழுதடைந்து ரால்ஃப் சூமாக்கர் சுவரில் மோதினார். சாய்வான அந்த வளைவைத் தம் டயர்கள் தாங்கும் என உறுதியளிக்க மிச்செலின் நிறுவனத்தால் இயலவில்லை. ஆகவே மிச்செலின் டயர் பூட்டிய 14 கார்களும் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் களத்தை விட்டு விலகின. பிரிட்சுசுடோன் டயர் கொண்ட பெராரி, சோர்டான், மினார்டி அணிகளின் ஆறு கார்கள் மட்டும் ஓடின. மைக்கேல் சூமாக்கர் வென்றார். நரேன், தம் அணித்தோழர் தியாகோ மொந்தேய்ரோவை அடுத்து நான்காவதாக வந்தார். சோர்டான் அணி அவ்வாண்டு பெற்ற 12 புள்ளிகளில் 11 அன்று கிடைத்தவை.

இப்புள்ளிகளைத் தற்செயல் என்று ஒதுக்குவோர் உண்டு. எனினும் அதே ஆண்டு சப்பானில், மழையில் நடந்த தகுதிச் சுற்றில் அதே மெதுவான காரில் இவர் 11 ஆம் இடம் பிடித்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தாமதமாக, கடுமையான மழையில் ஓட நேர்ந்த பெர்னாண்டோ அலோன்சோவும் கிமி ரைக்கோனனும் அன்று அவருக்குப் பின்னால் நின்றனர்.

இசுபானியா அணியில்

2006, 2007 ஆம் ஆண்டுகளில் வில்லியம்சு அணியின் சோதனை ஓட்டுநராக இருந்தார். 2007 திசம்பரில் சீனாவின் சூகாய் நகரில் ஏ1 கிராண்டு பிரீ தொடரில் இந்திய அணிக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார். 2011 இல் இசுபானியா அணி வழியாக பார்முலா 1 க்குத் திரும்பியபோது, அக்கார் களத்திலேயே மிக மெதுவான கார்களுள் ஒன்று. ஆண்டின் நடுவில் அவருடைய இடம் டேனியல் ரிக்கார்டோவுக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் அக்டோபர் 30 அன்று நொய்டாவுக்கு அருகே நடந்த முதல் இந்திய கிராண்டு பிரீயில் ஓட்ட மீண்டும் அழைக்கப்பட்டு, 17 ஆவதாக, ரிக்கார்டோவுக்கு முன்னால் முடித்தார்.

2012 மலேசியப் பந்தயத்தில் முழு மழை டயருடன் தொடங்கியதால், பந்தயம் இடைநிறுத்தப்பட்ட நேரத்தில் 10 ஆம் இடத்தில் இருந்தார். பின்னர் செபாசுடியன் வெட்டலின் காருடன் உரசல் ஏற்பட்டு 20 வினாடித் தண்டனை பெற்றார். வெட்டல் இவரைக் கடுமையாக ஏசியது செய்தியானது. அந்த 10 ஆம் இடம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அவ்வாண்டின் இறுதியில் அணியே மூடப்பட்டது. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் (2010, 2011) இவரும் தவிர, 2025 வரை வேறெந்த இந்தியரும் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டியதில்லை.

சப்பானிய ஆண்டுகள்

2014 முதல் 2018 வரை சப்பானின் சூப்பர் பார்முலா தொடரில் ஓட்டினார். 2019 இல், 42 ஆம் வயதில், கூரையும் கதவும் உடைய கார்கள் ஓடும் சூப்பர் ஜிடி தொடருக்கு மாறி, நாகாசிமா அணியின் ஓண்டா என்எசுஎக்சு காரை ஓட்டினார். அவ்வாண்டு நவம்பர் 24 அன்று புஜி தடத்தில் சப்பானியக் கார்களும் செருமனியின் டிடிஎம் டூரிங் கார் தொடரைச் சேர்ந்த ஆடி, பிஎம்டபிள்யூ கார்களும் மோதிய சிறப்புப் போட்டியின் இரண்டாம் பந்தயத்தை வென்றார். இந்தியானாபொலிசைப் போல் களம் காலியாக இருக்கவில்லை.

பின்னர் இவர், பழைய இருசக்கர வாகனங்களை வாங்கி விற்கும் டிரைவ்எக்சு என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதில் டிவிஎசு மோட்டார் நிறுவனம் 2022 இல் முதலீடு செய்தது.