லிட்டில் மோர்ட்டன் மாளிகை

லிட்டில் மோர்ட்டன் மாளிகை என்பது, இங்கிலாந்தின் செசையர் பகுதியில், காங்கிள்டன் நகருக்குத் தென்மேற்கே சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள, அகழி சூழ்ந்த மரச்சட்டகக் கட்டிடம் ஆகும். இது ஏறத்தாழ 1504 ஆம் ஆண்டுக்கும் 1610 ஆம் ஆண்டுக்கும் இடையில், மோர்ட்டன் என்னும் நிலவுடைமைக் குடும்பத்தினரால் பகுதி பகுதியாகக் கட்டப்பட்டது. டியூடர் கால மரக்கட்டிடக்கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கருதப்படும் இம்மாளிகை, வளைந்தும் சாய்ந்தும் காணப்படும் தோற்றத்துக்காகவும் புகழ்பெற்றது.

மரச்சட்டக முறை

இவ்வகைக் கட்டிடங்களில் சுமையைத் தாங்குவது சுவர் அன்று. ஓக் மரத்தாலான சட்டகமே ஆகும். தாழ்வான கல் அடித்தளத்தின் மீது கிடைமரங்களை வைத்து, அவற்றின்மேல் தூண்களும் உத்தரங்களும் நிறுத்தப்படுகின்றன. ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி, மற்றொன்றில் இட்ட துளையில் செருகி, மர ஆணியால் இறுக்குவர். சட்டகத்தின் இடைவெளிகள், பின்னிய குச்சிகளின் மீது களிமண் கலவை பூசி அடைக்கப்படும். மாளிகையின் மேல்தளங்கள் கீழ்த்தளச் சுவர்களைத் தாண்டி வெளியே நீண்டுள்ளன. சட்டகங்களுக்குள் குறுக்குமரங்களும் நான்கிதழ்ப் பூ வடிவங்களும் அணி செய்கின்றன.

கட்டிட அமைப்பு

மாளிகையின் பகுதிகள், கல் பாவிய சிறிய முற்றமொன்றின் மூன்று பக்கங்களில் சமச்சீரின்றி அமைந்துள்ளன. வடக்கிலுள்ள பெருங்கூடம் மிகப் பழைய பகுதிகளுள் ஒன்று. 1559 ஆம் ஆண்டில் முற்றத்தை நோக்கிப் பல கோண வடிவிலான இரண்டு பெரிய துருத்துசன்னல்கள் சேர்க்கப்பட்டன. அவற்றை அமைத்த தச்சர் ரிச்சர்ட் டேல், தமது பெயரையும் அவற்றிலேயே பொறித்துள்ளார். வீட்டின் உரிமையாளரான வில்லியம் மோர்ட்டனின் பெயரும் அங்கு உள்ளது. உடைமையாளருடன் தச்சரின் பெயரும் நிலைத்திருப்பது இம்மாளிகையின் சிறப்புகளுள் ஒன்று. ஈயப்பட்டிகளால் இணைக்கப்பட்ட சிறு கண்ணாடித் துண்டுகள் இம்மாளிகையின் சன்னல்களில் ஏறத்தாழ 30,000 உள்ளன.

நீள்கூடம்

தெற்கிலுள்ள வாயிற்பகுதி மூன்று தளங்களைக் கொண்டது. அதன் உச்சித்தளம் முழுவதும், சுமார் 21 மீட்டர் நீளமுள்ள நீள்கூடம் ஆகும். மழைக்காலத்தில் உலாவுவதற்கும் விளையாடுவதற்கும் இது பயன்பட்டது; இதன் மரப்பலகை உறைக்குப் பின்னால் பழைய டென்னிசுப் பந்துகள் கண்டெடுக்கப்பட்டன. இருமுனைகளிலும் உள்ள சுதை உருவங்கள் விதியையும் அதிர்ஷ்டத்தையும் குறிப்பவை. கணிதவியலாளர் ராபர்ட் ரெக்கார்டு 1556 இல் வெளியிட்ட வானியல் நூலொன்றின் படங்களை அவை தழுவியவை.

மாளிகை வளைந்ததற்கு முதன்மைக் காரணம் இக்கூடமே. இதன் கூரை கனமான மணற்கற் பலகைகளால் வேயப்பட்டது. அச்சுமை முழுவதையும் போதுமான தாங்குதல் இன்றிக் கீழ்த்தளங்கள் சுமக்க நேர்ந்ததால், தளங்கள் வளைந்து தூண்கள் சாய்ந்தன. ஆயினும் கட்டிடம் விழவில்லை. மரப்பொருத்துகள் சிறிதளவு அசைந்து கொடுப்பதால், கல் அல்லது செங்கற் சுவர் பிளந்துவிடக்கூடிய நிலையிலும் சட்டகம் வளைந்து நிற்க இயலும். பிற்காலத்தில் எஃகுக் கம்பிகள் இட்டு நீள்கூடம் வலுப்படுத்தப்பட்டது.

நிறம்

இன்று காணப்படும் கறுப்பு வெள்ளைத் தோற்றம் டியூடர் காலத்துக்கு உரியதன்று. மரங்களுக்குக் கறுப்புப் பூசும் வழக்கம் 19 ஆம் நூற்றாண்டில் பரவியது. தொடக்கத்தில் ஓக் மரம் பூச்சின்றி விடப்பட்டு, காலப்போக்கில் வெள்ளிச் சாம்பல் நிறம் பெற்றிருக்கும்.

பாதுகாப்பு

17 ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில் மோர்ட்டன் குடும்பத்தினர் அரசர் பக்கம் நின்றனர். அதனால் அவர்களது செல்வம் குன்றியது. பின்னர் மாளிகை குத்தகை உழவர்களிடம் விடப்பட்டது. புதுப்பித்துக் கட்டப் பொருளில்லாமையே பழைய அமைப்பு மாறாமல் எஞ்சியதற்கு ஒரு காரணம் எனலாம். 1938 ஆம் ஆண்டில் இது நேசனல் டிரசுட்டு என்னும் மரபுரிமைப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. 1976 இல், மரப்பலகை உறைக்குப் பின்னால் மறைந்திருந்த சுவரோவியங்கள் வெளிப்பட்டன. தற்போது இம்மாளிகை, இங்கிலாந்தின் மிக உயர்ந்த பாதுகாப்பு வகுப்பான முதலாம் தரத்தில் பட்டியலிடப்பட்டுள்ளது.